ஓட முடியாதவன் எதை எடுத்துச் செல்வது? பெப்பர் ஸ்பிரே, டேசர், கைத்துப்பாக்கி

தற்காப்பைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் சொல்வது ஒன்றுதான்: ஓடிவிடு. பர்ஸைக் கேட்டால் கொடுத்துவிடு, வம்புக்கு இழுத்தால் விலகிப் போ, முடிந்தவரை ஓடு. நல்ல அறிவுரை, ஒரு வார்த்தை மறுக்க மாட்டேன். என் சிக்கல் என்னவென்றால் இடது முழங்காலில் இரண்டு முறை அறுவை சிகிச்சை நடந்து, இப்போது மாடிப்படி இறங்கவே கைப்பிடியைத் தேடுகிற நிலை. டெக்சாஸில் ஒரு மருத்துவமனை லேபில் மாலை ஷிஃப்ட், வெளியே வரும்போது நள்ளிரவு தாண்டிவிடும், அப்புறம் நாற்பது நிமிடம் கார் ஓட்ட வேண்டும், அதில் பாதி தெருவிளக்கே இல்லாத சாலை. எங்கள் பக்கம் 911-ஐ அழைத்தால் ஷெரிஃப் வண்டி வந்து சேர அரை மணி நேரம் ஆனாலும் ஆச்சரியமில்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை, தூரம் அப்படி.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நள்ளிரவு கேஸ் ஸ்டேஷனில் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தேன். ஒருவர் வந்து லைட்டர் இருக்கிறதா என்று கேட்டார், நான் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் என் காருக்குப் பின்பக்கமாகச் சுற்றி வந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய லாரி உள்ளே திரும்ப, இருவரும் போய்விட்டார்கள். அவருக்கு நிஜமாகவே லைட்டர்தான் வேண்டியிருந்ததோ என்னவோ, தெரியாது. ஆனால் பெட்ரோல் குழாயைப் பிடித்தபடி நின்ற அந்த ஒரு நிமிஷத்தில், ஓடுவது என்ற வழியே எனக்கு இல்லை என்பது நன்றாக உறைத்தது. அதற்கப்புறம் ஆறேழு மாதம் மூன்று பொருட்களையும் படித்தும் பழகியும் பார்த்தேன்.

பெப்பர் ஸ்பிரேயிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும் என்பது என் கட்சி. பெயர்தான் பெப்பர், உள்ளே இருப்பது மிளகாயின் காரம், கேப்சைசின். முகத்தில் பட்டால் கண் தானாக மூடிக்கொள்ளும், இருமல் பிடுங்கும், அரை மணி முதல் முக்கால் மணி நேரம் ஆள் அவதிப்படுவார், பிறகு சரியாகிவிடுவார். அந்தக் கடைசி விஷயம்தான் இதன் பெரிய பலம்: தவறான ஆள் மேல் அடித்துவிட்டால் மன்னிப்புக் கேட்கலாம், தண்ணீர் எடுத்துக் கொடுக்கலாம். தோட்டாவுக்கு அந்த வசதி கிடையாது. வாங்கும்போது டப்பாவில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் காரத்தை அளக்கும் லட்சக்கணக்கான ஸ்கோவில் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம், அது பெரும்பாலும் விளம்பரம். கேப்சைசினாய்ட் சதவீதம் என்று சிறிய எழுத்தில் இருக்கும், அதைப் பாருங்கள். கடையில் கிடைப்பதில் காரமானவை 1.33 சதவீதமும் அதற்குச் சற்று மேலும் வருகின்றன. காற்று எதிரே அடித்தால் நம் முகத்துக்கே திரும்பும் என்பதால் நான் ஜெல் வகையை எடுத்தேன். பயிற்சிக்கென்று காரமில்லாத டப்பாவும் விற்கிறார்கள், அதை வைத்து வீட்டுக்குப் பின்னால் அடித்துப் பழகிய முதல் நாள் இலக்கு வைத்த அட்டைப்பெட்டியை விட்டு என் செருப்பைத்தான் நனைத்தேன்.

இதில் யாரும் அழுத்திச் சொல்லாத ஒன்று இருக்கிறது. ஸ்பிரேயின் கணக்கே ‘அடி, அப்புறம் ஓடு’ என்பதுதான். கண் தெரியாமல் ஆத்திரத்தில் கையை வீசிக்கொண்டு வருகிறவர் பத்து அடியில் இருக்கிறார், நீங்கள் அந்த நேரத்தில் ஐம்பது அடி தள்ளிப் போயிருக்க வேண்டும். நான் நொண்டி நொண்டி நாலு அடி போயிருப்பேன். குடியிலோ போதையிலோ இருப்பவர்களில் சிலர் காரத்தையும் மீறி வருவார்கள் என்பதையும் சேர்த்துக்கொண்டால் என் கணக்கு இன்னும் மோசமாகிறது.

மின்சாரம் பாய்ச்சி ஆளை முடக்கும் டேசரைப் பற்றிச் சுருக்கமாக. பொதுமக்களுக்கு விற்கும் மாடல் இரண்டு ஊசிகளைச் சுமார் 15 அடி வரை எய்கிறது, இரண்டுமே தைக்க வேண்டும், நடுவில் கொஞ்சம் இடைவெளியும் வேண்டும். தடித்த ஜாக்கெட்டில் ஒன்று மாட்டினாலும் கதை முடிந்தது. போலீஸ் டேசரில் ஒரு அழுத்தலுக்கு 5 விநாடி மின்சாரம் ஓடும், நமக்கு விற்பதில் 30 விநாடி. ஏன் அவ்வளவு நேரம் என்றால், கருவியைக் கீழே போட்டுவிட்டு நீங்கள் தப்பி ஓடத்தான். திரும்பவும் ஓட்டம்! எதிரே இரண்டு பேர் என்றால் இரண்டாமவருக்கு ஒன்றுமில்லை. ஸ்டன் கன் என்பது வேறு சாதனம், உடம்பில் தொட்டு வைக்க வேண்டும், அவ்வளவு கிட்டத்தில் ஆளை விட்ட பிறகு என்ன தற்காப்பு என்று தோன்றியது. ஆனால் மாசசூசெட்ஸில் ஒரு பெண் தன்னை அடித்துத் துன்புறுத்தி வந்த முன்னாள் காதலனுக்கு அதை எடுத்துக் காட்டியதோடு அவன் விலகிப் போயிருக்கிறான். அதை வைத்திருந்ததற்காக அவர் மேல் வழக்குப் போட்டு, மாநிலத்தின் உயர்ந்த கோர்ட்டும் தண்டனையை உறுதி செய்ய, 2016-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. ஆகவே பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன், எனக்குப் பொருந்தவில்லை. கத்தியைப் பற்றிப் பேசவே வேண்டாம், அதற்கு என்னைவிட நல்ல கால்கள் வேண்டும்.

மூன்றில் கைத்துப்பாக்கி ஒன்றுதான் நான் தப்பி ஓடுவேன் என்று எதிர்பார்க்காதது. நான் அதைத் தேர்ந்தெடுக்க முக்கியக் காரணம் இதுதான், வீரம் கீரம் எதுவும் இல்லை. சட்டமும் இந்த இடத்தில் என் காலோடு சம்பந்தப்படுகிறது. டெக்சாஸில் 2007-லிருந்து, சட்டப்படி இருக்க உரிமையுள்ள இடத்தில் நின்று, சண்டையை நாம் தூண்டாமல், குற்றம் எதுவும் செய்யாமல் இருந்தால் பின்வாங்கியே ஆக வேண்டும் என்ற கடமை இல்லை. நியூயார்க் மாதிரி மாநிலங்களில், முழுப் பாதுகாப்பாகப் பின்வாங்க முடியும் என்று தெரிந்தும் பின்வாங்காமல் வீட்டுக்கு வெளியே உயிரைப் பறிக்கும் பலத்தைப் பயன்படுத்த முடியாது. அந்த ‘முழுப் பாதுகாப்பாக’ என்ற சொல்லை என் முழங்காலை வைத்து ஒரு ஜூரிக்கு விளக்கும் நிலை வரவே கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன். இங்கேயும் சரி, எங்கேயும் சரி, உயிருக்கோ பெரிய காயத்துக்கோ நியாயமான பயம் இல்லாமல் துப்பாக்கியை வெளியே எடுத்தால் குற்றவாளிக் கூண்டில் நிற்பது நாமாகவே இருக்கலாம்.

அதற்குக் கொடுக்கிற விலை பெரியது. 1983-ல் டெனிஸ் டூலர் என்ற சால்ட் லேக் சிட்டி போலீஸ்காரர் ஒரு கணக்கு எழுதினார்: கத்தியோடு 21 அடி தூரத்தில் நிற்பவர் ஒன்றரை விநாடியில் உங்கள் மேல் வந்து விழுந்துவிடுவார். நான் வாராவாரம் காலித் துப்பாக்கியோடு பழகி, சட்டையை விலக்கி, எடுத்து, குறிவைத்து, விசையை அழுத்த இரண்டு விநாடிக்குக் கொஞ்சம் குறைவாக எடுத்துக்கொள்கிறேன், அதுவும் நல்ல நாளில். மற்றவர்கள் பக்கவாட்டில் விலகி அந்த அரை விநாடியைச் சம்பாதிக்கிறார்கள், எனக்கு அது முடியாது. அதனால் துப்பாக்கி வாங்கிய பிறகு நான் கற்றுக்கொண்டது பெரும்பாலும் கண்ணைப் பழக்குவதுதான்: எங்கே காரை நிறுத்துவது, யார் எந்தப் பக்கம் வருகிறார்கள், நடுவே என்ன தடுப்பு இருக்கிறது. இது துப்பாக்கி இல்லாமலும் செய்திருக்க வேண்டியது என்று என் மனைவி சொன்னாள். பதில் இல்லை. தவறிய தோட்டா வேறு, பயிற்சி பெற்ற போலீஸ்காரர்களே நிஜ மோதலில் நிறையத் தவறவிடுகிறார்கள், என்னுடையது எங்கே போய் விழுந்தாலும் என் கணக்கில்தான். சத்தம் 150 டெசிபெல்லுக்கு மேல், காருக்குள் சுட்டால் காது பழையபடி கேட்காமலே போகலாம்.

எல்லாவற்றையும்விட என்னைத் தயங்க வைத்தது வீடு. 2022-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,000-க்கு மேல், அதில் சுமார் 27,000 பேர் தற்கொலை. அதாவது பாதிக்கு மேல். வெளியே இருந்து வரும் ஆளுக்காக வாங்கும் பொருள், வீட்டுக்குள் ஒருவரின் மோசமான ஒரு இரவுக்கும் கையெட்டும் தூரத்தில் இருக்கும். எங்கள் மகனுக்குப் பதினைந்து வயது. “நீங்க வாங்குறதுன்னா வாங்கிக்குங்க, ஆனா பெட்டி முதல்ல வரணும், துப்பாக்கி அப்புறம் வரணும்” என்றாள் மனைவி. பெட்டிதான் முதலில் வந்தது. கைரேகை வேண்டாம், பட்டன் எண் போதும் என்று எடுத்து அலமாரிக்குள் போல்ட் போட்டு இறுக்கினேன். சுடத் தயாராக இருக்கும் துப்பாக்கியை அலட்சியமாக வைத்து, அது 17 வயதுக்குக் கீழ் உள்ளவர் கைக்குக் கிடைத்துவிட்டால் டெக்சாஸில் குற்றமும்கூட. கைப்பையில் வைப்பதை ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிட்டோம். 2014 டிசம்பரில் ஐடஹோவில் ஒரு கடையில் இரண்டு வயதுக் குழந்தை தாயின் பைக்குள்ளிருந்து துப்பாக்கியை எடுக்க, அது வெடித்துத் தாய் இறந்துபோனார். துப்பாக்கி வைப்பதற்கென்றே செய்த பை அது.

எந்தத் துப்பாக்கி என்பதில் நண்பர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஐந்து தோட்டா ரிவால்வர் எளிமையானது, கால் சட்டைப் பைக்குள்ளேயே அடங்கும், ஆனால் விசை கனம், குட்டித் துப்பாக்கி என்பதால் உதைப்பும் அதிகம், பத்துச் சுற்றுக்கு மேல் பழகவே மனம் வரவில்லை. பழக விரும்பாத ஆயுதம் எதற்கு? கிளாக் 19 என்ற பிஸ்டலில் 15 தோட்டா, சுடச் சுகமாக இருக்கிறது, ஆனால் என் உடம்புக்குப் பெரியது, சட்டைக்கு மேல் புடைத்துத் தெரிந்தது. கடைசியில் பத்துத் தோட்டா கொள்ளும் மெல்லிய 9 மில்லிமீட்டர் ரகம். கணுக்காலில் கட்டும் ஹோல்ஸ்டரை (துப்பாக்கி உறையை) ஒருவர் பரிந்துரைத்தார், முழங்காலை மடக்க முடியாதவனிடம்! வலது இடுப்புக்குக் கொஞ்சம் பின்னால் வைத்தால் நிற்கும்போது நன்றாக இருக்கிறது, காரில் சீட் பெல்ட்டுக்கும் சீட்டுக்கும் நடுவில் மாட்டி முதுகை நோகடிக்கிறது. விசையை முழுதாக மூடும் கெட்டியான ஹோல்ஸ்டர் மட்டும் கட்டாயம், அதில் காசு பார்க்காதீர்கள்.

லைசன்ஸ் விஷயம். 2021 செப்டம்பரிலிருந்து டெக்சாஸில் தகுதியுள்ள, 21 வயது நிரம்பியவர் லைசன்ஸ் இல்லாமலே எடுத்துச் செல்லலாம். இருந்தும் 40 டாலர் கட்டி வாங்கினேன். 3, 7, 15 கஜத்தில் 50 தோட்டா சுட்டு 250-க்கு 175 எடுத்தால் தேர்ச்சி, கஷ்டமில்லை. காரணம், பள்ளிக்கூடங்களைச் சுற்றி 1,000 அடிக்குள் கூட்டரசின் தடை இருக்கிறது, லைசன்ஸ் இருந்தால் அதிலிருந்து விலக்கு. பக்கத்து மாநிலங்களுக்குப் போகவும் உதவும், கலிபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் செல்லாது. இன்னொன்று, நம்மவர்கள் பலருக்குத் தெரியாதது: எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதே பொதுவாகக் கூட்டரசுக் குற்றம், வேட்டை லைசன்ஸ் போன்ற சில விலக்குகள் உண்டு. நண்பனின் துப்பாக்கியைக் காரில் பத்திரப்படுத்தி வைத்துக்கொள்வதும் அதில் அடங்கலாம். கிரீன் கார்டு வந்தவர்களுக்கு அந்தத் தடை இல்லை. நானும் அது வந்த பிறகுதான் இதையெல்லாம் யோசிக்கவே ஆரம்பித்தேன். ஸ்பிரேக்கு விசா பார்ப்பதில்லை.

வேடிக்கை என்னவென்றால், நான் அதிகம் பயப்படும் இடம் மருத்துவமனையின் பார்க்கிங், அங்கே துப்பாக்கி என் இடுப்பில் இருப்பதே இல்லை. வாசலில் 30.06 என்ற டெக்சாஸ் சட்டப் பிரிவின்படி பலகை வைத்திருக்கிறார்கள், ஒரு அங்குல உயர எழுத்தில் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், மறைத்துக்கூட எடுத்து வராதே என்று. ஊழியர் பூட்டிய காருக்குள் வைத்துக்கொள்ள 2011-லிருந்து சட்டம் இடம் தருகிறது. ஆகவே எட்டு மணி நேரம் அது சீட்டுக்குக் கீழே இரும்பு வடத்தில் கட்டிய பெட்டிக்குள் கிடக்கிறது, கட்டடத்திலிருந்து கார் வரைக்குமான அந்த இருநூறு அடியை நான் ஸ்பிரேயோடுதான் நடக்கிறேன். சிரிக்கலாம், நானே சிரித்தேன். அந்த இருநூறு அடியில் வெளிச்சமும் கேமராவும் கூப்பிட்டால் வரும் செக்யூரிட்டியும் இருக்கிறார்கள், அங்கே ஸ்பிரேயின் கணக்கு எனக்கும் ஓரளவு சரிவருகிறது. அதற்குப் பிறகு வரும் நாற்பது நிமிடத்தில் அப்படி யாரும் இல்லை, துப்பாக்கி அதற்குத்தான்.

இரண்டையும் வைத்துக்கொள்வதால் இன்னொரு லாபம் உண்டு. கையில் சுத்தியல் மட்டும் இருந்தால் எதைப் பார்த்தாலும் ஆணியாகத்தான் தெரியும் என்பார்களே, கெட்ட வார்த்தை பேசிக்கொண்டு நெருங்கும் குடிகாரரைச் சமாளிக்க இடுப்பில் துப்பாக்கி மட்டும் இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது, அல்லது செய்யக் கூடாததைச் செய்வோம். நான் கார் ஓட்டும் விதமும் மாறிவிட்டது. யாராவது ஹாரன் அடித்துக் கையைக் காட்டினால் முன்பெல்லாம் நானும் காட்டுவேன். இப்போது மூச்சுக்கூட விடுவதில்லை, வழி விட்டுவிடுகிறேன். இடுப்பில் அது இருக்கும்போது எந்தச் சண்டையையும் நான் ஆரம்பித்ததாக இருக்கக் கூடாது. மகன் இதைக் கவனித்துவிட்டு “அப்பா, நீங்க ரொம்ப மரியாதையான ஆளா ஆயிட்டீங்க” என்று கிண்டல் செய்கிறான்.

மனைவி ஸ்பிரே மட்டும்தான் வைத்துக்கொள்கிறாள், அவளால் ஓட முடியும், என்னைவிட நன்றாகவே. அவளுடைய டப்பா அடுத்த மாதம் காலாவதியாகிறது. புதிது வாங்கியாயிற்று. பழையதை ஞாயிற்றுக்கிழமை காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துவிட்டுப் பின்பக்க வேலி அருகே அடித்துத் தீர்க்கப் போகிறோம், இந்த முறை நான் ஷூ போட்டுக்கொண்டு.