எழுத்து முடக்கம்: பல வருடம் மாற்றி மாற்றிப் பார்த்ததில் கையில் நின்றவை

'ரைட்டர்ஸ் பிளாக்', அதாவது எழுத உட்கார்ந்தும் எழுத்து வராத முடக்கம், வந்தவருக்கு ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றைப் பல வருடங்களாக மாற்றி மாற்றிப் பயன்படுத்தி வருகிறேன். முதல் வாரத்தில் எல்லாமே வேலை செய்யும். அந்த உற்சாகம் வடிந்த பிறகும் எது மிஞ்சியது என்பதை மட்டும் சொல்கிறேன்.

காலைப் பக்கங்களை நான் விட்டுவிட்டேன். அமெரிக்க எழுத்தாளர் ஜூலியா கேமரூன் 1992இல் பிரபலமாக்கிய முறை இது: எழுந்ததும் கையால் மூன்று பக்கம், மனதில் வருவதையெல்லாம் எழுதித் தள்ள வேண்டும். மனசு லேசாகிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் தீர்ந்தது புலம்பல்தான். கிடப்பில் கிடந்த கதை கிடந்த இடத்திலேயே கிடந்தது. அதற்குள் காலை நேரமும் போய்விடும். டைரி எழுதும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒத்துவரலாம்.

பொமோடோரோவை வைத்திருக்கிறேன், ஆனால் வேறு வேலைக்கு. 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்று 1980களின் பிற்பகுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ வகுத்த முறை. பிழை திருத்தவும் தட்டச்சு செய்யவும் இதைவிட நல்லது கிடையாது. முடக்கத்துக்கு உதவாது. அடுத்த வரி என்னவென்று தெரியாதவருக்கு அந்த 25 நிமிடமும் வெற்றுத் திரையை முறைத்துப் பார்க்கத்தான் போகும். போதாக்குறைக்கு, ஒரு வரி ஓடத் தொடங்கும் நேரம் பார்த்து மணி வேறு அடிக்கும்.

விரல் சில விநாடி நின்றால் அதுவரை எழுதியதை அழித்துவிடும் செயலிகளும் உண்டு. பயத்தில் விரல் ஓடியது உண்மை. முடிந்ததும் படித்துப் பார்த்தால், பாதிக்கு மேல் "அப்புறம் என்ன அப்புறம் என்ன அவன் வந்தான் வந்தான்". ஓடுவது வேறு, ஊர் போய்ச் சேருவது வேறு.

இத்தனையும் பார்த்த பிறகு என் சிக்கல் சோம்பல் அல்ல என்பது புரிந்தது. எனக்குள் எழுதுகிறவன் வாய் திறக்கும் முன்பே எனக்குள் திருத்துகிறவன் குறுக்கே வந்து நின்றான். அமெரிக்க ஆய்வாளர் மைக் ரோஸ் 1980இல் பத்து மாணவர்களை வைத்து எழுதிய கட்டுரை இதைத்தான் பேசுகிறது. ஐந்து பேர் முடங்கியவர்கள், ஐந்து பேர் முடங்காதவர்கள். முடங்கியவர்கள் இறுக்கமான விதிகளைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மாணவிக்கு முதல் பத்தி கச்சிதமாக அமையாமல் அடுத்த பத்திக்குப் போகவே முடியவில்லை. படித்தபோது யாரோ என் மேஜையை எட்டிப் பார்த்ததுபோல இருந்தது.

அதிலிருந்து முதல் பத்தியை எழுதுவதே இல்லை. நடுவில் எந்த இடம் தெளிவாகத் தெரிகிறதோ அங்கே தொடங்குகிறேன். வராத இடத்தில் நின்று யோசிப்பதும் கிடையாது. என் வரைவு ஒன்றில் இப்படி இருக்கும்: "அவள் கடிதத்தைப் பிரித்தாள். (இங்கே அறை எப்படி இருந்தது, நாலு வரி.) 'இது உங்கள் கையெழுத்துதானே?' என்றாள்." அந்த நாலு வரியை அன்றே எழுத உட்கார்ந்திருந்தால் கையெழுத்து வரை போயிருக்கவே மாட்டேன். கடைசியில் நிரப்ப வரும்போது பாதி அடைப்புக்குறிகள் தேவையே இல்லை என்று தெரிகிறது. அறை வர்ணனையும் அப்படித்தான் போனது.

கைபேசியில் பேசித் தட்டச்சு செய்வதும் நிலைத்துவிட்டது. ஒற்று விட்டுப்போகும், 'ழ' எல்லாம் 'ல' ஆகும், முற்றுப்புள்ளியே இருக்காது. அவ்வளவு அலங்கோலமான பிரதியைப் பார்த்தால் உள்ளே இருக்கும் திருத்துகிறவனுக்கே எங்கே தொடங்குவதென்று தெரியாது. அதுதான் எனக்கு வேண்டும். உரையாடல்களுக்கு இது மிகப் பொருத்தம், வாதம் அடுக்கும் கட்டுரைகளுக்கு அவ்வளவாக இல்லை.

ஒன்றே ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால், பாதியில் நிறுத்துவதை வைத்துக்கொள்வேன். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருக்கும்போதே நிறுத்திவிடுவதாக ஹெமிங்வே 1958இல் வெளிவந்த நேர்காணல் ஒன்றில் சொல்லியிருக்கிறார். நான் ஒரு படி மேலே போய் வாக்கியத்தையே முடிக்காமல் எழுந்துவிடுவேன். "கதவைத் தட்டியது அவர் இல்லை, அவருடைய" என்று நிற்கும். மறுநாள் உட்கார்ந்ததும் அதை முடித்தே ஆக வேண்டும் என்று கை பரபரக்கும். நன்றாக ஓடும் நாளில் எழுந்து போக மனசு வராது என்பதுதான் இதில் உள்ள கஷ்டம்.

எதுவுமே உதவாத நாளில் சிரிக்க ஒன்று: உளவியலாளர் டென்னிஸ் அப்பர் 1974இல் தன் எழுத்து முடக்கத்துக்குத் தானே செய்துகொண்ட தோல்வியடைந்த சிகிச்சை பற்றி ஓர் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டார். தலைப்புக்குக் கீழே ஒரு வார்த்தை இல்லை, வெறும் தாள். கண்ணுக்குத் தெரியாத எழுத்து இருக்குமோ என்பதுபோல எலுமிச்சைச் சாறும் எக்ஸ்ரேயும் கொண்டு ஆராய்ந்தும் ஒரு குறையும் தென்படவில்லை என்று மதிப்பீட்டாளர் குறிப்பு வேறு.

சொல்வதற்குச் சரக்கே இல்லாமல் வரும் முடக்கத்துக்கு இவை எதுவும் மருந்து இல்லை. அதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை வைத்திருக்கிறேன். எழுத வந்ததை நண்பரிடம் போனில் ஐந்து நிமிடம் சொல்லிப் பார்ப்பேன். சரளமாக வந்தால் பேசியதையே தட்டச்சு செய்ய உட்காருவேன். அங்கேயும் "அது வந்து, அது வந்து" என்று இழுத்தால் அன்றைக்கு எழுத்து கிடையாது. இன்னும் படிக்க வேண்டியதைப் படிக்கப் போய்விடுவேன்.