ஸ்ப்ளெண்டருக்கு இன்ஜின் ஆயில 20டபிள்யூ-40ல இருந்து 10டபிள்யூ-30க்கு மாத்தி ஒரு வருசம் ஆச்சு, என் அனுபவம்

வண்டி ஸ்ப்ளெண்டர் பிளஸ், 2017 மாடல், செல்ஃப் ஸ்டார்ட் உள்ளது, இப்ப 61,000 கிலோமீட்டர் தாண்டிருச்சு. வீடு மதுரை வில்லாபுரம், வேலை திருமங்கலம், தினமும் போக வர கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர். ஒரு வருசமா 10டபிள்யூ-30 ஊத்தி ஓட்டிப் பாத்துட்டு எழுதுறேன், அதுக்கு முன்னாடி மூணு வருசம் 20டபிள்யூ-40 ஊத்தி ஓட்டிருக்கேன், அதனால ரெண்டையும் ஒரே இன்ஜின்ல பாத்தவன்ங்கிற முறைல சொல்றேன்.

முதல்ல ஏன் 20டபிள்யூ-40க்கு போனேன்னு சொல்லணும், ஏன்னா நம்மள்ல முக்காவாசி பேரு இப்படித்தான் போயிருப்போம். ஃப்ரீ சர்வீஸ் எல்லாம் முடிஞ்சதும் வீட்டுப் பக்கத்துல இருக்க மெக்கானிக் அண்ணன்கிட்ட விட ஆரம்பிச்சேன். கை சுத்தமான ஆளு, வேலை நல்லா பாப்பாரு, அதுல குறையே சொல்ல மாட்டேன். ஆனா ஆயில் மட்டும் அவர்கிட்ட ஒரே ட்ரம்தான், ஸ்ப்ளெண்டர் வந்தாலும் அதான், ஆக்டிவா வந்தாலும் அதான், பல்சர் வந்தாலும் அதான். நான் ஒரு தடவ கேட்டதுக்கு "மதுர வெயிலுக்கு முப்பது நிக்காது தம்பி, தண்ணியா போயிரும், நாப்பதுதான் தாங்கும்"னாரு. கேக்க சரியாத்தான இருக்கு, வெயிலு 40 டிகிரி அடிக்குது, ஆயிலும் 40, பொருத்தமாத்தான் பட்டுச்சு, நானும் மூணு வருசம் அப்படியே விட்டுட்டேன்.

போன டிசம்பருக்கு முந்துன டிசம்பர்ல நானும் மச்சானும் கொடைக்கானல் போயி பூம்பாறைல தங்குனோம். காலைல அஞ்சரைக்கு வண்டிய எடுக்கப் போனா செல்ஃப் ரெண்டு தடவ முனகிட்டு நின்னுருச்சு. சரின்னு கிக்கர் அடிச்சா கால் கீழ போகவே மாட்டேங்குது, வயல் சேத்துல மிதிச்ச மாதிரி அவ்வளவு மெதுவா இறங்குது. பேட்டரிதான் போச்சுன்னு மச்சான் சொன்னான், ஆனா ஹாரன் நல்லா கத்துச்சு, லைட்டும் சரியா எரியுது. சும்மா டிப்ஸ்டிக்க, அதான் ஆயில் அளவு பாக்குற குச்சிய, கழட்டி டார்ச் அடிச்சுப் பாத்தேன், அதுல இருந்த ஆயிலு சொட்டா விழாம அதிரசத்துக்கு காச்சுன பாகு மாதிரி மெதுவா நீண்டு இறங்குச்சு. அப்பதான் விசயம் புரிஞ்சுது. பதினஞ்சு இருபது கிக் அடிச்சு ஒரு வழியா ஸ்டார்ட் ஆச்சு, ஆனா முதல் ஒரு நிமிசம் மேல ஹெட்டுல இருந்து டக் டக் டக்னு ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க, வயித்துல என்னமோ பண்ணிருச்சு. ஆயில் இன்னும் மேல போயி சேரலைன்னு அர்த்தம் அது.

வீட்டுக்கு வந்து பீரோவுல இருந்த மேனுவல தேடி எடுத்தேன். அதுல தெளிவா போட்ருக்கு: 10டபிள்யூ-30, ஏபிஐ எஸ்ஜே (ஆயிலோட தர அளவு), ஜாசோ எம்ஏ (பைக் கிளட்சுக்கு ஒத்து வரும்ங்கிற முத்திரை). அவ்ளோதான், வேற பேச்சே இல்ல. இந்த வண்டிய செஞ்சவனுக்கு மதுர வெயிலு தெரியாமலா இருக்கும், ஹீரோ வண்டி ராஜஸ்தான்லயும் இதே இன்ஜின்தான் ஓடுது.

இந்த நம்பர் பத்தி நம்மூர்ல ரெண்டு தப்பான நம்பிக்கை இருக்கு, அத மொதல்ல உடைக்கணும். ஒண்ணு, டபிள்யூன்னா வெயிட்னு நெனைக்கிறது. அது வின்டர், குளிருக்கான நம்பர். 10டபிள்யூவ மைனஸ் 25 டிகிரில டெஸ்ட் பண்ணுவாங்க, 20டபிள்யூவ மைனஸ் 15ல, அந்தக் குளிர்ல இன்ஜின் சுத்துற அளவுக்கு ஆயில் இளகி இருக்கான்னு பாப்பாங்க. ரெண்டாவது நம்பிக்கை, 30ன்னா 30 டிகிரி வெயிலுக்கு, 40ன்னா 40 டிகிரி வெயிலுக்குன்னு. இல்லவே இல்ல. அந்த ரெண்டாவது நம்பர் ஆயில் 100 டிகிரி சூட்டுல எவ்ளோ கெட்டியா இருக்குங்கிற கணக்கு. சென்டிஸ்டோக்னு ஒரு அளவு இருக்கு, 100 டிகிரில 9.3ல இருந்து 12.5க்குள்ள இருந்தா அது 30, 12.5ல இருந்து 16.3க்குள்ள இருந்தா அது 40, அதுக்கு மேல 21.9 வரைக்கும் 50. வெளிய கொடைக்கானலா இருந்தாலும் மேலூரா இருந்தாலும் இந்த அளவு மாறாது.

இப்ப நீங்க கேப்பீங்க, மதுரைல மைனஸ் 25 எங்க வருது, அப்ப அந்த முதல் நம்பர் நமக்கு எதுக்குன்னு. நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா ஆயில் கம்பெனிங்க போடுற டேட்டா ஷீட்ட எடுத்து 40 டிகிரி அளவ பாருங்க, அதாவது நம்ம வண்டி சித்திரை மாசம் மதியம் சும்மா நிக்கிற சூடு. சாதாரண 20டபிள்யூ-40 அதுல 120, 130 சென்டிஸ்டோக் கிட்ட இருக்கும், 10டபிள்யூ-30 எழுபது கிட்ட. கிட்டத்தட்ட பாதி! அப்ப மதுரைலயும் காலைல ஸ்டார்ட் பண்றப்போ ஒண்ணு இன்னொண்ண விட ரெண்டு மடங்கு கெட்டி. ஆயில் பம்பு அந்தக் கெட்டிய இழுத்து மேல வால்வ தெறந்து மூட வைக்கிற கேம், ராக்கர் வரைக்கும் தள்ளணும், அது போயி சேர்ற வரைக்கும் இரும்பும் இரும்பும் ஒரசுது. எனக்கு இதுதான் பெரிய விசயமா பட்டுச்சு, ஏன்னா இன்ஜின் சூடானதுக்கு அப்புறம் ரெண்டு ஆயிலும் காப்பாத்தும், குளுந்து கெடக்குற அந்த முதல் நிமிசத்துலதான் வித்தியாசம்.

சரி மாத்துன கதைக்கு வரேன். கம்பெனி 10டபிள்யூ-30 900 மில்லி கேன் வாங்கி நானே வீட்ல மாத்துனேன். வண்டிய அஞ்சு நிமிசம் ஓட்டி லேசா சூடாக்கி, சென்டர் ஸ்டாண்ட் போட்டு, அடில இருக்க ட்ரெயின் போல்ட்ட 17 ஸ்பேனர்ல கழட்டி, பழைய பெயிண்ட் டப்பால இறக்குனேன். வந்தது கன்னங்கரேல்னு இருந்துச்சு, வெரல்ல தொட்டுத் தேச்சா லேசா மணல் மாதிரி ஒரு நெருநெருப்பு. இந்த 97.2 சிசி இன்ஜின்ல காரு மாதிரி பேப்பர் ஃபில்டர் கெடையாது, ஒரு வலையும், சுத்துற வேகத்துல அழுக்க ஓரமா ஒதுக்குற ஒரு ஃபில்டரும்தான் இருக்கு, அதனால ஆயில நேரத்துக்கு மாத்துறதுதான் இதுக்கு உசுரு. அந்த சுத்துற ஃபில்டர நான் கழட்டல, அதுக்கு சைடு கவர், கேஸ்கெட் எல்லாம் கழட்டணும், மெக்கானிக் அண்ணன்கிட்ட அடுத்த வாரம் விட்டு கிளீன் பண்ணிக்கிட்டேன், உள்ள ஈரமான புளி மாதிரி ஒட்டிக் கெடந்துச்சு.

ஊத்துறப்போ கேன கவுத்து காலி பண்ணிராதீங்க. கொஞ்சம் மிச்சம் வச்சு டிப்ஸ்டிக் பாருங்க, தொடச்சிட்டு உள்ள விடணும் ஆனா மரைல திருகக் கூடாது, சும்மா வச்சு எடுக்கணும், ரெண்டு கோட்டுக்கு நடுவுல இருக்கணும். இத நெறைய பேரு திருகிப் பாத்துட்டு ஜாஸ்தின்னு நெனச்சு கம்மியா ஊத்துவாங்க.

மாத்துன மறுநாள் காலைல கிக்கர் அடிச்ச உடனே தெரிஞ்சுது. கால் வெண்ணெயா இறங்குது. செல்ஃப் அரை செகண்ட்ல புடிச்சுக்குது. ஃபர்ஸ்ட் கியர் போடுறப்போ முன்னாடி டடக்னு ஒரு அடி விழும், அது இப்ப பாதிதான். மைலேஜ் ஃபுல் டேங்க் டு ஃபுல் டேங்க் அஞ்சு தடவ கணக்கு பாத்தேன், 62 குடுத்தது 65 குடுக்குது, ஆனா அதே நாள்ல ஏர் ஃபில்டரும் புதுசா போட்டேன், அதனால மூணு கிலோமீட்டரும் ஆயிலாலதான்னு நான் அடிச்சு சொல்ல மாட்டேன்.

குறைன்னு ஒண்ணு இருந்துச்சு. மொத வாரம் இன்ஜின் சூடானதும் டப்பெட் சத்தம், அதாவது வால்வு பக்கத்து டக் டக், கொஞ்சம் ஜாஸ்தியா கேட்டுச்சு, கோரிப்பாளையம் சிக்னல்ல நிக்கிறப்போ நல்லாவே கேக்கும். அண்ணன் பாத்துட்டு "நான்தான் சொன்னேன்ல, முப்பது தாங்காதுன்னு"னாரு. நான் விடல, டப்பெட் கேப்ப செக் பண்ணுங்கண்ணேன்னு சொன்னேன். பாத்தா எக்ஸாஸ்ட் சைடு நல்லா தளந்து கெடக்கு. செட் பண்ணதும் சத்தம் போச்சு. அதாவது இவ்ளோ நாளா கெட்டி ஆயில் அந்தச் சத்தத்த அமுக்கி வச்சிருந்துருக்கு, கோளாறு உள்ள இருந்துருக்கு நமக்குத்தான் கேக்கல. கெட்டியா ஊத்துனா இன்ஜின் ஸ்மூத்தா இருக்குன்னு சொல்றவங்க இத யோசிச்சுப் பாருங்க. அண்ணனும் அன்னிக்கு கொஞ்ச நேரம் கேப்ப அளக்குற அந்த கேஜ கைல வச்சுக்கிட்டு பேசாம நின்னாரு.

மே மாச வெயில்லயும் ஓட்டியாச்சு, மதியம் ரெண்டு மணிக்கு திருமங்கலத்துல இருந்து ரெண்டு பேரா வந்துருக்கோம். ஒரு பிரச்சனையும் இல்ல. 3,000 கிலோமீட்டர்ல டிப்ஸ்டிக் பாத்து ஒரு 100 மில்லி டாப் அப் பண்ணேன், அவ்ளோதான் இறங்கிருந்துச்சு. மேனுவல்ல 6,000 வரைக்கும் போலாம்னு இருக்கு, ஆனா நான் தூசி ரோட்டுல ஓட்டுறதால 4,000ல மாத்திடுறேன், இது என் மனசுக்கு, நீங்க மேனுவல் படி போங்க.

ஒரு முக்கியமான எச்சரிக்கை, நம்பர் மட்டும் பாத்து வாங்காதீங்க. என் மச்சான் நான் சொன்னதக் கேட்டு அவன் ஷைனுக்கு 10டபிள்யூ-30ன்னு போட்ருந்த ஒரு கேன வாங்கி ஊத்திட்டான், அது ஸ்கூட்டர் ஆயிலு, பின்னாடி சின்ன எழுத்துல ஜாசோ எம்பின்னு இருந்துருக்கு. நத்தம் ரோட்டு பாலத்துல ஏறுறப்போ ஆக்சிலேட்டர் திருகுனா இன்ஜின் கத்துது வண்டி நகர மாட்டேங்குது, கிளட்ச் வழுக்குது. பைக்ல கிளட்ச் பிளேட்டு அந்த இன்ஜின் ஆயில்லயே ஊறிக் கெடக்கும், அதுக்கு எம்ஏ இல்லேன்னா எம்ஏ2 தான் வேணும். ஆக்டிவா மாதிரி ஸ்கூட்டர்ல கிளட்ச் ஆயில்ல படாது, அதனால வழவழப்பு ஜாஸ்தி உள்ள எம்பி ஓகே, ஹோண்டாவே ஆக்டிவாவுக்கு அதான் சொல்லுது. காரு ஆயில் மிச்சம் இருக்குன்னு பைக்ல ஊத்துறதும் இதே கததான். மச்சான் ஆயில மாத்தி நாலஞ்சு நாள்ல கிளட்ச் பழையபடி புடிச்சுக்கிச்சு, பிளேட்டு கருகுறதுக்குள்ள பாத்துட்டான்.

இத படிச்சுட்டு எல்லா வண்டிக்கும் 10டபிள்யூ-30ன்னு கெளம்பிராதீங்க, நான் சொல்ல வர்றதே அதுக்கு நேர் எதிர். எங்க சித்தப்பா கிளாசிக் 350 வச்சிருக்காரு, அதுக்கு 15டபிள்யூ-50. பெரிய ஒத்தை சிலிண்டர், காத்துலதான் ஆறணும், அந்த இன்ஜின செஞ்சவன் 50 கேக்குறான், அதுல முப்பது ஊத்துனா தப்பு. பழைய பல்சர் 150க்கு 20டபிள்யூ-50. இப்ப வர்ற மாருதி பெட்ரோல் காருங்களுக்கு 0டபிள்யூ-20, 0டபிள்யூ-16 வரைக்கும் வந்துருச்சு, அந்த இன்ஜின்ல பேரிங் கேப்பு, ஆயில் ஓட்டை எல்லாம் அந்த இளக்கத்துக்குன்னே அளந்து வச்சது. எல்லாமே ஒரே மதுர வெயில்லதான் ஓடுது. வண்டி ஆயில் குடிக்குது, நீலப் புகை வருதுன்னா ஒரு படி கெட்டியா ஊத்தி கொஞ்ச நாள் ஓட்டலாம், ஆனா ரிங்கு, வால்வு சீல் பாக்குற வேலைய தள்ளிப் போடுறோம்னு தெரிஞ்சு ஊத்தணும்.

சிந்தெட்டிக் வேணுமான்னு கேப்பீங்க. மோட்டுல் 7100 மாதிரி ஃபுல் சிந்தெட்டிக் அருமையான ஆயில், சந்தேகமே இல்ல, ஆனா ஸ்ப்ளெண்டர் மாதிரி மெதுவா ஓடுற 100 சிசிக்கு அவ்ளோ காசு போடுறதுக்கு பதிலா கம்பெனி மினரல் ஆயில நேரத்துக்கு மாத்துனாலே போதும்ங்கிறது என் முடிவு. நான் ஊத்துற இந்த கம்பெனி ஆயிலுக்கு அஞ்சுக்கு நாலரை குடுப்பேன், அரை மார்க் குறைச்சது மினரல்ங்கிறதால 3,000 தாண்டுனதும் கியர் லேசா கரகரக்கும், அது எந்த மினரல் ஆயிலுக்கும் உண்டு.

கேன் வாங்குறப்போ சீல், மூடி வளையம், பேட்ச் நம்பர் பாத்து வாங்குங்க, ட்ரம்ல இருந்து மொண்டு குடுக்குறத வாங்காதீங்க, அதுல என்ன கிரேடுன்னு யாருக்கும் தெரியாது. ஊத்தி முடிச்ச காலி கேன அப்படியே பழைய இரும்புக் கடைல போடாம கத்தியால நடுவுல ஒரு கீறு கீறிப் போடுங்க, முழுசா கெடைச்சா அதுலயே டூப்ளிகேட் ரொப்பி சீல் போட்டு திரும்ப கடைக்கு அனுப்புற ஆளுங்க இருக்காங்க. பழைய ஆயில வாய்க்கால்ல கொட்டிராதீங்க, நான் ஒரு அஞ்சு லிட்டர் கேன்ல சேத்து வச்சு நெறஞ்சதும் அண்ணன் கடைல குடுத்துடுறேன், அவரு மொத்தமா எடுக்க வர்ற ஆளுகிட்ட குடுத்துருவாரு.