ரெசிடென்ட் ஈவில் 7: பயம் திரும்பி வந்த வீடு

ரெசிடென்ட் ஈவில் என்ற திகில் வீடியோ கேம் தொடரில் 2012-இல் வந்த ஆறாம் பாகத்தைப் பாதியிலேயே மூடி வைத்தவன் நான். எங்கு பார்த்தாலும் வெடிப்பு, துரத்தல்; பயத்தைத்தான் காணோம். 2016-இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 என்ற சண்டை கேம், எதிரிகளோடு வரிசையாகத் தனியே மோதும் ஆர்கேட் மோட்கூட இல்லாமல் வந்தபோது, இரண்டையும் உருவாக்கிய ஒசாகாவின் காப்காம் நிறுவனம் அவ்வளவுதான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

அப்புறம் 2017 ஜனவரியில் இந்த ஏழாம் பாகம். பேக்கர் குடும்பத்தின் பாழடைந்த வீடு, கையில் எண்ணிப் பார்க்கும் அளவுக்குத் தோட்டாக்கள். குடும்பத் தலைவன் ஜாக் சுவரை உடைத்துக்கொண்டு வந்தபோது கன்ட்ரோலர் கை நழுவியது. ஆட்டத்தைச் சேமித்துக்கொள்ளும், கேசட் ரெக்கார்டர் இருக்கும் அறைக்குள் நுழைந்தால்தான் மூச்சே வரும்.

கடைசியில் வரும் கப்பல் பகுதி இழுவை. அரக்கர்களும் ஒரே அச்சு. சரி, போகட்டும். இதற்கென உருவாக்கிய ஆர்ஈ எஞ்சின் என்ற கேம் மென்பொருளில்தான் 2019-இல் இரண்டாம் பாகத்தின் மறு உருவாக்கமும் காப்காமின் அதிரடி கேமான டெவில் மே க்ரை 5-உம் வந்தன. இரண்டையும் வெளியான வாரமே வாங்கினேன்.