டெகோ எம்4: வயர் இழுத்தால் அருமை, இழுக்காவிட்டால் சுமார்

வீடு முழுக்க வைஃபை பரப்பும் டிபி-லிங்க் டெகோ எம்4, இரண்டு பெட்டி பேக், வாங்கலாமா? வாங்கலாம், ஆனால் இரண்டு பெட்டிக்கும் நடுவில் ஒரு லேன் வயர் இழுக்க மனசும் வழியும் இருக்கிறவர்கள் வாங்குங்கள். அது முடியாது என்றால் கொடுத்த காசுக்கு பாதி பலன்தான், கீழே ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் வீடு கும்பகோணத்துப் பழைய தெரு வீடு. அகலம் கம்மி, நீளம் ஏகம். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை என்று ஒரே கோட்டில் போய்க்கொண்டே இருக்கும். கொல்லைப் பக்கம் பிற்பாடு கட்டிய கான்கிரீட் மாடி அறையில்தான் நான் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன், இணையமோ தெருக் கம்பத்திலிருந்து வாசல் வழியாக வருகிறது. அதாவது நெட் நுழையும் இடமும் நெட் தேவைப்படும் இடமும் வீட்டின் இரண்டு கோடி.

இணைப்பு கொடுக்க வந்த தம்பி வழக்கம்போல ரேழியில் கரண்ட் மீட்டருக்குப் பக்கத்திலேயே, ஃபைபர் என்ற கண்ணாடி இழையில் வரும் ஒளியை நெட்டாக மாற்றும் ஒஎன்டி பெட்டியை மாட்டிவிடப் பார்த்தார். "சார், உள்ள கொண்டு போனா சிக்னல் கம்மியாயிடும்" என்றார். இதை நம்பாதீர்கள். ஒரு கிலோமீட்டர் ஃபைபரிலேயே ஒளி இழப்பு அரை டெசிபல்கூட வராது, வீட்டுக்குள் இருபது மீட்டர் கூடப் போவதால் ஒன்றும் ஆகாது. கெடுப்பது நீளம் அல்ல, மடிப்பு. கதவுச் சட்டத்தில் நசுக்கி இழுப்பது, மூலையில் சுள்ளென்று மடித்து ஆணி அடிப்பது, மீந்த வயரை உள்ளங்கை அளவுக்கு இறுக்கிச் சுருட்டிக் கட்டுவது, இவைதான் பிரச்சினை. கூடுதல் வயருக்குக் காசு கொடுத்து, பெட்டியைக் கூடத்துச் சுவரில் ஆள் உயரத்துக்கு மேல் மாட்டச் சொன்னேன். இந்த ஒரு காரியத்துக்கே அடுக்களை வரை வைஃபை சரியாகிவிட்டது, புதிதாக எதுவும் வாங்காமல்.

மாட்டி முடித்ததும் ஆளை உடனே அனுப்பிவிடாதீர்கள். அவர் கையில் ஒளியை அளக்கும் பவர் மீட்டர் இருக்கும், அளந்து காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஒஎன்டியின் செட்டிங்ஸ் பக்கத்திலேயே ஆர்எக்ஸ் பவர் என்று இருக்கும், வந்து சேரும் ஒளியின் அளவு அது. எனக்கு மைனஸ் 21 டிபிஎம் காட்டியது, நல்ல அளவு. மைனஸுக்குப் பின்னால் எண் கூடக் கூட ஒளி கம்மி; மைனஸ் 27-ஐ நெருங்கினால் இன்றைக்கு ஓடும், மழைக்காலத்தில் ஒளி வரவில்லை என்று சொல்லும் சிவப்பு எல்ஓஎஸ் விளக்கு மின்ன ஆரம்பிக்கும். மூன்று டெசிபல் குறைந்தால் ஒளியின் சக்தி பாதியாகிவிட்டது என்று அர்த்தம், அதனால் 21-க்கும் 24-க்கும் வித்தியாசம் சின்னது இல்லை. அப்புறம், ஃபைபர் வயரின் பச்சை முனையைக் கழற்றி சட்டைத் துணியால் துடைப்பது, உள்ளே வெளிச்சம் வருகிறதா என்று கண்ணை வைத்துப் பார்ப்பது இரண்டும் வேண்டாம். அது அகச்சிவப்பு ஒளி, கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இருக்கும்.

நான் எடுத்தது 200 எம்பிபிஎஸ் பிளான். (499 ரூபாய் என்று விளம்பரத்தில் போட்டிருக்கும் எந்த பிளானுக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 589 என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பில் வந்த பிறகு சண்டை போட்டுப் பயனில்லை.) வைஃபைக்கு இரண்டு அலைவரிசை: 5 ஜிகாஹெர்ட்ஸ் வேகம், 2.4 தூரம் போகும். கூடத்தில் 5 ஜிகாஹெர்ட்ஸில் முழு 200-ம் வந்தது. மாடி அறையில் 5 ஜிகாஹெர்ட்ஸ் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, 2.4-ல் பத்துப் பன்னிரண்டு. நடுவில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்கள், ஒரு கான்கிரீட் தளம், போதாததற்கு அம்மாவின் இரும்பு பீரோ. பீரோ, ஃபிரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி, நிலைக்கண்ணாடி, இதெல்லாம் வைஃபைக்குச் சுவரைவிட மோசம். ரவுட்டரை பீரோ மேல் வைத்திருக்கும் வீடுகள் எத்தனை பார்த்திருக்கிறேன்.

இதற்கு முன்னால், வைஃபையை வாங்கித் திருப்பி அனுப்பித் தூரத்தைக் கூட்டும், பிளக்கில் செருகும் ஒரு எக்ஸ்டெண்டர் வைத்திருந்தேன். எந்த கம்பெனி என்பது முக்கியமில்லை, மலிவு எக்ஸ்டெண்டர்களின் கதை ஒன்றுதான்: ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் திருப்பி அனுப்புவதால் வேகம் பாதியாகிவிடும். போனில் கோடு முழுசாகக் காட்டும், வீடியோ கால் உறையும். கோடு காட்டுவது உங்கள் போனுக்கும் எக்ஸ்டெண்டருக்கும் உள்ள தூரத்தை, எக்ஸ்டெண்டருக்கு என்ன வந்து சேர்கிறது என்பதை அல்ல.

சரி, டெகோவுக்கு வருவோம். வெள்ளை உருளைகள், மேசைமேல் வைத்தால் உறுத்தாது. மாட்டுவதற்கு ஆப் கட்டாயம், கணக்கு ஒன்றும் திறக்க வேண்டும், எனக்கு இது பிடிக்கவில்லை என்றாலும் ஆப் ஒழுங்காக வழி சொல்கிறது. விளக்கு பச்சையானால் முடிந்தது. ஒஎன்டியே ரவுட்டர் வேலையும் செய்துகொண்டிருக்கும், எனவே டெகோவை வைஃபை மட்டும் பரப்பும் அக்சஸ் பாயின்ட் மோடில் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு ரவுட்டர் நின்று, சில கேம்களும் கேமராக்களும் முரண்டு பிடிக்கும். ஒஎன்டியின் சொந்த வைஃபையை அணைத்துவிடுங்கள், அது டெகோவோடு போட்டி போட வேண்டாம். இந்த மோடில் பிள்ளைகளுக்கான கட்டுப்பாடு வேலை செய்யாது. அது வேண்டும் என்றால் ரவுட்டர் வேலையை டெகோவிடம் விட்டுவிடும் பிரிட்ஜ் மோடுக்கு ஒஎன்டியை மாற்றி பயனர் பெயரும் பாஸ்வேர்டும் தரச் சொல்லி நிறுவனத்திடம் கேட்க வேண்டும்; சிலர் தருகிறார்கள், சிலர் கேட்டதும் போனை வேறு ஆளிடம் மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

முதலில் வயர் இல்லாமல்தான் வைத்துப் பார்த்தேன். ஒன்று கூடத்தில், இன்னொன்று மாடிப்படி திரும்பும் இடத்தில். மாடி அறையில் 70, 80 வந்தது, பழைய பன்னிரண்டுக்கு இது பெரிய முன்னேற்றம்தான், ஆனால் சாயங்காலம் தெருவில் எல்லாரும் அவரவர் வீட்டுக்கு வந்து நெட்டைத் திறந்த பிறகு 40-க்கு இறங்கி ஆடும். எம்4-ல் இரண்டு ரேடியோதான், பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளத் தனி ரேடியோ கிடையாது. உங்கள் போனுக்குக் கொடுக்கும் அதே ரேடியோக்களில்தான் அதுவும் நடக்கிறது. எக்ஸ்டெண்டரைவிட ரொம்ப மேல், அவ்வளவுதான்.

பிறகு முற்றத்து ஓரமாக பிவிசி குழாயில் கேட்-6 ரக லேன் வயர் இழுத்து இரண்டாவது பெட்டியை மாடி அறைக்குள்ளேயே கொண்டுபோனேன். எந்த செட்டிங்கும் மாற்றவில்லை, வயர் செருகியதை அதுவே கண்டுகொண்டது. மாடியில் இப்போது 190-க்குக் குறைவதில்லை, சாயங்காலமும். பேசிக்கொண்டே கூடத்திலிருந்து மாடி ஏறினாலும் வீடியோ கால் அறுபடுவதில்லை. வயர் வாங்கும்போது முழுத் தாமிரமா என்று கேட்டு வாங்குங்கள், அலுமினியத்தில் தாமிரம் பூசியதைத்தான் கடையில் முதலில் எடுத்து நீட்டுவார்கள். கரண்ட் வயர் போகும் குழாயிலேயே இதையும் திணிக்கவும் வேண்டாம். முனை அடித்ததும் ஸ்பீடு பாருங்கள்: 94, 95-ல் ஒட்டிக்கொண்டு நின்றால் வயர் 100 எம்பிபிஎஸ்-க்கு இறங்கிவிட்டது, எட்டு கம்பியில் ஏதோ ஒன்று சேரவில்லை, மறுபடி க்ரிம்ப் பண்ணச் சொல்லுங்கள். இதே காரணத்துக்காகத்தான் மலிவாகக் கிடைக்கும் டெகோ ஈ4-ஐ நான் தொடவில்லை, அதன் வயர் செருகும் போர்ட்டுகளே 100 எம்பிபிஎஸ்தான், எம்4-ல் ஜிகாபிட், அதாவது 1000.

குறைகள்: பெட்டிக்கு இரண்டே போர்ட். மாடியில் ஒன்றை வயர் எடுத்துக்கொண்டால் மிச்சம் ஒன்று, டிவியும் கம்ப்யூட்டரும் இருந்தால் போர்ட்டுகளைப் பெருக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்று வாங்க வேண்டும். சேனலை நாமே தேர்ந்தெடுக்க என் ஆப்பில் இடமில்லை; 2.4 ஜிகாஹெர்ட்ஸின் 1, 6, 11 சேனல்களில் எதில் நெரிசல் கம்மி என்று பார்த்து மாற்றுகிற ஆட்களுக்கு இது கடுப்பேற்றும். வைஃபை 5, அதாவது ஐந்தாம் தலைமுறைதான், எனவே 500-க்கு மேல் பிளான் வைத்திருப்பவர்கள் வைஃபை 6 பெட்டிகளைப் பாருங்கள்.

ஒரு செலவு மட்டும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கரண்ட் போனால் ஒஎன்டி, இரண்டு டெகோ, மூன்றும் படுத்துவிடும். வீட்டில் இன்வெர்ட்டர் இல்லையென்றால் 12 வோல்ட் மினி யுபிஎஸ் கிடைக்கிறது, ஆனால் அடாப்டரில் எழுதியிருக்கும் ஆம்பியரையும் பின் அளவையும் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள், மாடிக்கும் தனியாக ஒன்று வேண்டியிருக்கும்.