ஃபைனான்ஸ் இன்டர்ன்ஷிப் தேடுபவருக்கு ஜிமெயில் எவ்வளவு உதவும்?

முதலீட்டு வங்கி, ஈக்விட்டி ரிசர்ச் (பங்குகளை ஆராய்வது), வேல்யுவேஷன் (நிறுவனங்களை மதிப்பிடுவது) என்று எந்தப் பக்கம் இன்டர்ன்ஷிப் தேடினாலும் பாதி வேலை ஆட்களிடம் பேசுவதுதான். ஒரு முறை பேசுவது பெரிய விஷயமில்லை. பேசிய பிறகு அந்தத் தொடர்பு விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வதில்தான் பலர் தளர்ந்துவிடுகிறார்கள். இதற்கென்றே காசு வாங்கும் செயலிகள் இருக்கின்றன. வேல்யுவேஷன் அணி ஒன்றில் இடம் கிடைக்கும்வரை நான் ஜிமெயிலையும் ஒரு ஷீட்டையும் மட்டும் வைத்தே சமாளித்தேன். இப்போது ஜூனியர்கள் கேட்டாலும் அதையேதான் சொல்கிறேன்.

ஜிமெயிலில் எனக்கு மிகவும் கைகொடுத்தது ஸ்னூஸ். மெயிலுக்கு மேலே இருக்கும் கடிகாரப் பொத்தான்தான் அது. 2018-லிருந்து இருக்கிறது, ஆனால் பலர் அதைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. ஒரு அசோசியேட், "டீல் ஒன்று முடியும் நேரம், அடுத்த மாதம் எழுதுங்கள்" என்று பதில் போடுகிறார் என்று வையுங்கள். சரி என்று ஒரு வரி நன்றி எழுதிவிட்டு, அவருடைய மெயிலை அடுத்த மாதத் தேதி ஒன்றுக்கு ஸ்னூஸ் செய்துவிடுவேன். இன்பாக்ஸிலிருந்து மறைந்துவிடும். சொன்ன நாளில் மேலே வந்து நிற்கும், முன்பு எழுதிக்கொண்ட அத்தனையும் அதிலேயே இருக்கும். காலண்டரில் குறித்தால் "இன்னாருக்கு மெயில்" என்று மட்டும்தான் நினைவூட்டும். ஸ்னூஸில் அவர் சொன்ன வார்த்தையே கண் முன்னால் வருகிறது. 'நீங்கள் இந்த மாதம் எழுதச் சொன்னீர்கள்' என்று தொடங்கும் மெயிலுக்குக் கிடைக்கும் மரியாதையே தனி.

தேதியை மட்டும் கொஞ்சம் யோசித்துப் போடுங்கள். ரிசர்ச் பக்கம் இருப்பவர்களுக்குக் காலாண்டு முடிவுகள் வெளியாகும் வாரங்களில் மூச்சுவிட நேரமிருக்காது. அந்த வாரங்களைத் தாண்டித்தான் நான் ஸ்னூஸ் வைப்பேன்.

இதற்கு நேர்மாறாக ஷெட்யூல் சென்ட். 2019-ல் வந்த வசதி. ராத்திரி இரண்டு மணிக்கு எழுதிய நன்றி மெயிலைக் காலையில் போகும்படி வைப்பதற்கு மிக நல்லது. வேறு நாட்டில் இருப்பவருக்கு என்றால் அவருடைய நேரத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும், ஏனென்றால் ஜிமெயில் நம்முடைய நேரத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். ஆனால் "போன வாரம் எழுதியிருந்தேன், பார்த்தீர்களா" வகை மெயிலை ஒருநாளும் இதில் வைக்காதீர்கள். நடுவில் அவர் பதில் அனுப்பிவிட்டாலும் நாம் வைத்த மெயில் அது பாட்டுக்குப் போய்விடும். நேரம் ஒதுக்கி விரிவாகப் பதில் எழுதிய மனிதருக்கு மறுநாளே 'பதில் இல்லையே' என்று ஒரு மெயில் போனால் எப்படி இருக்கும்! நினைவுபடுத்தும் வேலையைத்தான் இயந்திரத்திடம் விட வேண்டும். அனுப்பும் பொத்தானை நாமேதான் அழுத்த வேண்டும்.

நாம் அனுப்பிய மெயிலுக்குப் பதில் வராவிட்டால் சில நாளில் "தொடர வேண்டுமா?" என்று ஜிமெயிலே கேட்கும். எல்லா மெயிலுக்கும் கேட்காது, எதற்குக் கேட்பது என்று அதுவே தீர்மானிக்கிறது. வழக்கமான அலுவலக வேலைக்கு இது பரவாயில்லை. டீலில் இருக்கும் ஆளுக்கு இரண்டு மூன்று நாள் ஒரு கணக்கே இல்லை, ஒரு வாரம் பத்து நாளாவது விட வேண்டும். அதனால் செட்டிங்ஸில் இதை அணைத்துவிட்டேன். நாம் பதில் சொல்ல மறந்ததை நினைவூட்டும் வசதி பக்கத்திலேயே தனியாக இருக்கிறது. அது இருக்கட்டும்.

அப்புறம் அன்டு சென்ட், அதாவது அனுப்பிய மெயிலைச் சில விநாடிக்குள் நிறுத்திவிடும் வசதி. செட்டிங்ஸில் அதை 30 விநாடிக்கு மாற்றிவிடுங்கள். ஒரு வங்கிக்கு எழுதியதை எடுத்து இன்னொரு வங்கிக்கு அனுப்பும்போது பழைய பெயர் அப்படியே நிற்பது இந்தத் தேடலில் சகஜம். அனுப்பிய கையோடுதான் கண்ணில் படும்.

இவ்வளவு இருந்தும் ஜிமெயில் செய்யாத ஒன்று இருக்கிறது. போனில் என்ன பேசினோம் என்பது அதற்குத் தெரியாது. அதற்குத்தான் ஷீட். பெயர், குழு, பேசிய தேதி, அடுத்த தேதி எல்லாம் எல்லோரும் போடுவதுதான். நான் போட்ட கூடுதல் நெடுவரிசை ஒன்று உண்டு: 'அவர் செய்யச் சொன்னது'. போனை வைத்ததும் அதைத்தான் முதலில் நிரப்புவேன். ஒரு சீனியர் அனலிஸ்ட், "லாப நட்டக் கணக்கை அப்புறம் பாருங்கள், முதலில் பணவரத்து அறிக்கையைப் படியுங்கள்" என்றார். அதை அப்படியே எழுதி வைத்தேன். சில வாரம் கழித்து அவருக்கு எழுதிய மெயில் இவ்வளவுதான் (இயக்கப் பணவரத்து என்பது அன்றாடத் தொழிலிலிருந்து கைக்கு வரும் பணம்; டிசிஎஃப் என்பது வருங்காலப் பணவரத்தை இன்றைய மதிப்புக்கு மாற்றி நிறுவனத்தை மதிப்பிடும் முறை):

"நீங்கள் சொன்னபடி ஒரு நிறுவனத்தின் பணவரத்து அறிக்கையை முதலில் படித்தேன். லாபம் ஏறுகிறது, இயக்கப் பணவரத்து இறங்குகிறது. விற்பனையைவிட வேகமாக வாடிக்கையாளர் பாக்கி வளர்வதுதான் காரணம் என்று நினைக்கிறேன். டிசிஎஃப் போடும்போது இந்தப் பாக்கி பழைய அளவுக்குத் திரும்பும் என்று வைப்பீர்களா, இப்படியே தொடரும் என்று வைப்பீர்களா?"

இன்டர்ன்ஷிப் என்ற வார்த்தையே இதில் இல்லை. பதில் அன்று மாலையே வந்தது, கூடவே அவர் அணியில் இன்னொருவரின் அறிமுகமும். 'சும்மா நலம் விசாரிக்க எழுதினேன்' என்ற மெயிலுக்கு அவர் என்ன பதில் எழுத முடியும்? கேட்டதைச் செய்து பார்த்து, அதிலிருந்து ஒரு கேள்வி கேட்டால் எழுத அவருக்கும் விஷயம் இருக்கும். விண்ணப்பம் திறந்ததும் நேரடியாகக் கேட்பதில் தயக்கமே வேண்டாம். பெரிய முதலீட்டு வங்கிகள் சில, கோடைக்கால இன்டர்ன்ஷிப்புக்கு ஒரு வருடத்துக்கும் முன்பே விண்ணப்பத்தைத் திறந்துவிடுவது உண்டு. அதனால் அந்தத் தேதியும் ஷீட்டில் இருக்கட்டும். இரண்டு மெயிலுக்குப் பதில் இல்லையென்றால் அவரை விட்டுவிட்டு, அதே குழுவில் வேறொருவருக்கு எழுதுங்கள்.

நூற்றுக்கணக்கான பேரைத் தொடர வேண்டியவர்களுக்கு இந்த ஏற்பாடு போதாது. முப்பது நாற்பது பேர் என்றால் தாராளமாகப் போதும், காசும் கிடையாது. கல்லூரி மெயில் அவுட்லுக்கில் இருக்கிறதே என்பவர்களுக்கு அதிலும் ஸ்னூஸ் உண்டு. படிப்பு முடிந்ததும் அந்தக் கணக்கை மூடிவிடுவார்களா என்று மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மூடுவார்கள் என்றால் முதல் மெயிலிலிருந்தே சொந்தக் கணக்கில் எழுதுவது நல்லது.