நண்பனைக் கலாய்க்க டிவி ஷோன்னு காசு கேட்டா கட்டாதீங்க (கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் இருக்கறவங்களுக்கு)

"உங்க ஃப்ரெண்டுக்கு ஷாக் குடுக்கலாமா? டிவி ரியாலிட்டி ஷோவுல வரும்"னு இன்ஸ்டாகிராமில் விளம்பரம் ஓடுது. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போகும் ஐந்து பசங்க, கல்யாணம் நிச்சயமான சேக்காளிக்காக இதில் காசு கட்டினார்கள். மொத்தம் போனது 31,499 ரூபாய். போன வழியைப் பாருங்க: பதிவுக் கட்டணம் 499, ஸ்லாட் அட்வான்ஸ் 8,000, நடிகர் பேட்டா 6,000, லொகேஷன் பெர்மிஷன் 5,000. கடைசி 12,000 எதற்கென்று கீழே வருது.

முதல் 499-லேயே நிறுத்தியிருக்கணும். டிவி ரியாலிட்டி ஷோவுக்குக் காசு வருவது விளம்பரத்திலிருந்தும் ஸ்பான்சரிடமிருந்தும். கலந்துக்கறவங்களிடம் பதிவுக் காசு கேட்டால் அங்கே நிகழ்ச்சியே இல்லை என்று அர்த்தம். சின்னத் தொகையாகக் கேட்பது உங்க பையில் எவ்வளவு இருக்கு என்று ஆழம் பார்க்கத்தான். 499 கட்டினவன் 8,000-மும் கட்டுவான் என்பது அவர்கள் கணக்கு. பணம் போனது சேனல் பேரிலோ கம்பெனி பேரிலோ இருக்கும் கணக்குக்கு இல்லை, ஒரு தனி ஆளின் ஜிபே நம்பருக்கு. ரசீதும் கிடையாது.

அவிநாசி ரோட்டோரம் படப்பிடிப்புக்கு வந்தது மூன்று பேர். ஒரு கேமரா, கிம்பலில் (ஆடாமல் பிடிக்கும் கைப்பிடி) ஒரு செல்போன், லோகோ டப்பா மாட்டிய ஒரு மைக். அந்த மைக்கைத்தான் எல்லாரும் நம்பினார்கள். அப்படி ஒன்றைப் பார்த்தால் கையில் வாங்கிப் பாருங்க. சன்போர்டை (விளம்பரப் பலகைக்கு வரும் லேசான ஃபோம் அட்டை) நாலு துண்டாக வெட்டி, ஸ்டிக்கர் கட்டிங் கடையில் லோகோ போட்டு ஒட்டியிருப்பார்கள். மூலையில் ஃபெவிகுவிக் வெள்ளையாகப் பூத்திருக்கும். மைக்கைத் திருப்பினால் அடியில் வயர் செருகும் மூன்று பின் பளிச்சென்று தெரியும். வயரும் இல்லை, டிரான்ஸ்மிட்டரும் இல்லை என்றால் அது எதையும் பதியவில்லை, சும்மா கையில் பிடிக்கும் பொம்மை.

அதைவிட, மறைகேமரா நிகழ்ச்சியில் லோகோ மைக்குக்கு ஆரம்பத்தில் வேலையே கிடையாது. பார்த்த மாத்திரத்தில் ஆள் உஷாராகிவிடுவான். முறையாக எடுப்பவர்கள் கூட்டுச் சேர்ந்த நண்பனின் சட்டைக்குள் காலர் மைக் மாட்டி, தள்ளி ஒரு வண்டிக்குள் ஹெட்ஃபோனோடு ஒருத்தரை உட்கார வைப்பார்கள். கேமராவும் குறைந்தது மூன்று கோணத்தில் மறைந்திருக்கும், ஏன்னா திடுக்கிடும் முகம் ஒரே டேக்தான், திரும்ப எடுக்க முடியாது. இந்த ஒற்றைக் கேமரா டீம் எடுத்ததில் பஸ் ஹாரன் தவிர எதுவும் கேட்கவில்லை.

இவர்கள் போட்ட நாடகம் போலீஸ் வேஷம். காக்கி போட்ட ஆள் மாப்பிள்ளை வண்டியை மறித்துச் சாவியைப் பிடுங்கினான். போலீஸ் என்று நம்ப வைக்க அந்த உடையைப் போடுவதே பாரதிய நியாய சன்ஹிதா (பழைய ஐபிசி-க்குப் பதிலாக வந்த குற்றச் சட்டம்) 205-ஆம் பிரிவில் குற்றம். வழியை மறித்தது தனிக் குற்றம். வழக்கானால் வண்டி நம்பரும் வரும் நேரமும் சொல்லிக் கொடுத்த நண்பர்களையும் சேர்த்துத்தான் ஸ்டேஷனில் கூப்பிட்டு விசாரிப்பார்கள், "சும்மா தமாசுங்க" என்பது அங்கே எடுபடாது. 2022-லேயே கோவை மாநகரப் போலீஸ் பிராங்க் வீடியோ எடுப்போரை எச்சரித்து, ஒரு யூடியூப் சேனல் மேல் வழக்கும் போட்டது.

ஒழுங்கான குழு என்றால் மாட்டப்போகிற ஆளுக்கு நெஞ்சுவலி, வலிப்பு உண்டா, மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்று நண்பர்களிடம் முதலில் கேட்கும். அமெரிக்காவில் 2003-இல் தொடங்கிய 'ஸ்கேர் டாக்டிக்ஸ்' நண்பர்களே ஆளை மாட்டிவிடும் நிகழ்ச்சிதான். பெரிய சேனல், முழுத் தயாரிப்பு, அப்படியும் பயந்துபோன ஒரு பெண் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். இங்கே வந்த மூன்று பேர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

ஒழுங்கான நிகழ்ச்சியில் இது பிராங்க் என்று உண்மையைச் சொன்ன பிறகுதான் ஒப்புதல் படிவம். அதில் முக்கியமாகக் கையெழுத்துப் போட வேண்டியது மாட்டிய ஆள்தான், அதுவும் படித்துப் பார்த்து, மனசு வந்தால். இங்கே நண்பர்களிடம் முன்கூட்டியே வெற்றுத்தாளில் கையெழுத்தும் ஆதார் ஜெராக்ஸும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அடையாளம் காட்டியே ஆகணும் என்றால் கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரை (masked Aadhaar) கொடுங்க, மேலே தேதியும் எதற்கென்றும் எழுதிவிடுங்க.

அப்புறம் ஒரு மாசம் இழுத்தடிப்பு. "எபிசோடு எடிட்ல இருக்குங்ணா, வர்ற ஞாயித்துக்கெழமை வந்துருமுங்ணா." டிவியில் வரவில்லை, யாரும் கேள்விப்படாத ஒரு யூடியூப் சேனலில் வந்தது. மாப்பிள்ளை அழும் காட்சிதான் முகப்புப் படம். பொண்ணு வீட்டுக்காரர்கள் பார்ப்பதற்குள் எடுக்கணும் என்றால் 'டெலிட் சார்ஜ்' 12,000. கட்டினார்கள். மறுவாரம் வேறொரு சேனலில் அதே வீடியோ.

டெலிட் பண்ணக் காசு கொடுக்காதீங்க. யூடியூபில் தனியுரிமைப் புகார் படிவம் இருக்கு. வீடியோவில் தெரியும் ஆளே போடணும், நண்பன் போட்டால் பொதுவாக எடுத்துக்க மாட்டார்கள். எந்த நிமிடத்தில் முகம் தெரிகிறது என்று எழுதணும். வீடியோ போட்டவனுக்கு அதை எடுக்க வழக்கமாக 48 மணி நேரம் கொடுப்பார்கள். மிரட்டிக் காசு கேட்ட வாட்ஸ்அப் பேச்சை அழிக்காமல் எக்ஸ்போர்ட் செய்து வையுங்க, ஒவ்வொரு யுபிஐ பரிமாற்றத்தின் 12 இலக்க எண்ணையும் குறித்துக்கொண்டு சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்க. பணம் போன அன்றைக்கே கூப்பிட்டால் அந்தக் கணக்கில் மிச்சமிருப்பதையாவது முடக்க வழியுண்டு. சேவைக்குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக்கட்டணம் இல்லை.

புகார் போட்டது தெரிந்ததும் "ரீஃபண்ட் அனுப்பறோம், பின் போட்டு ஓகே பண்ணுங்க"ன்னு அதே நம்பரிலிருந்து மெசேஜ் வரும். பணம் வாங்க யுபிஐ பின் போட வேண்டியதில்லை. பின் கேட்டால் மறுபடியும் உங்க காசுதான் போகப்போகுது.