பனிக்காலத்தில் வாடகை டிரெய்லர்: உள்ளே சொகுசு, அடியில் அம்மணம்

வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும், படுக்கையும் சமையலறையும் உள்ள வீட்டு டிரெய்லர் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்று. போய்ச் சேர்ந்த இடத்தில் வெயிலில் நிறுத்திவைத்து மட்டும் பார்த்திருந்தால் தாராளமாக நாலரை கொடுத்திருப்பேன். ஆனால் குளிரிலிருந்து தப்பிக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் அந்தக் குளிருக்குள்தான் ஓட்டிப் போக வேண்டும், ராத்திரி அங்கேயே தூங்கவும் வேண்டும். இந்த டிரெய்லர் கோட்டைவிட்டது அங்கேதான்.

நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பின்பக்கம் பிள்ளைகளுக்கு அடுக்குக் கட்டில், முன்பக்கம் எங்களுக்குக் கதவு வைத்த அறை, நடுவில் சாப்பாட்டு மேஜையை இறக்கினால் அம்மாவுக்குப் படுக்கை. மேல் கட்டில் யாருக்கு என்ற சண்டையைத் தவிர ஒரு தொந்தரவும் இல்லை. வாசற்படிதான் வயதானவர்களுக்குக் கொஞ்சம் உயரம்.

இப்போது குழாய்கள். வண்டியின் பக்கவாட்டில் 'நான்கு பருவத்துக்கும் ஏற்றது' என்று பெரிதாக ஒரு ஸ்டிக்கர். குனிந்து அடியில் பார்த்தால் கழிவுநீர்த் தொட்டி, வால்வு, வடிகுழாய் எல்லாம் எந்த உறையும் இல்லாமல் அப்படியே தொங்குகின்றன! தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும், பிளாஸ்டிக் இணைப்புகள் அதைத் தாங்காது. அதனால்தான் வாடகைக் கம்பெனி குழாய்களில் தண்ணீருக்குப் பதிலாக இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸ் (குளிரில் உறையாத திரவம்) ஏற்றிக் கொடுக்கிறார்கள், உறைபனிப் பகுதியைத் தாண்டும்வரை குழாயைத் திறக்காதீர்கள் என்கிறார்கள். அது நியாயம்தான். என் கோபம் வேறு: இதைப் பதிவு செய்யும்போது சொல்லாமல், சாவியைக் கையில் கொடுக்கும்போது சொன்னார்கள். சமையலறையும் கழிவறையும் இருக்கிறது என்று நம்பிப் பணம் கட்டிவிட்டு, முதல் சில நாள் குடிக்கவும் பல் தேய்க்கவும் கேன் தண்ணீர், டாய்லெட்டில் ஊற்ற அதே இளஞ்சிவப்புத் திரவம். கூடுதலாக வாங்குவதாக இருந்தால் புரோப்பிலீன் கிளைக்கால் வகைதானா என்று பார்த்து வாங்குங்கள், கார் ரேடியேட்டருக்கு வழக்கமாக ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் விஷம்.

ஹீட்டர் புரோப்பேனில் ஓடுகிறது. புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியில்கூட ஆவியாகும், ஆகவே எரிவாயு கைவிடவில்லை. கைவிட்டது பேட்டரி. சூடான காற்றைத் தள்ளும் விசிறி 12 வோல்ட் பேட்டரியில்தான் சுற்றுகிறது, லெட் ஆசிட் பேட்டரிக்குக் குளிரில் தெம்பு குறைந்துவிடும், எங்களுக்குக் கொடுத்ததோ ஏற்கெனவே பழசு. விடியும் முன்பே விசிறி முனக ஆரம்பித்து நின்றுவிட்டது. அதற்கப்புறம் மின்இணைப்பு உள்ள முகாம்களில் மட்டும் தங்கினோம். எவ்வளவு குளிரினாலும் சூட்டுக்காக அடுப்பைப் பற்றவைக்காதீர்கள், மூடிய வண்டிக்குள் கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் வாசனைகூடத் தெரியாது. அந்த வாயு சேர்ந்தால் எச்சரிக்கும் அலாரத்தின் பின்னால் காலாவதித் தேதி இருக்கும். எங்கள் வண்டியில் அது தாண்டியிருந்தது, காட்டியதும் முணுமுணுக்காமல் புதிது மாட்டிக் கொடுத்தார்கள். அதற்கு ஒரு பாராட்டு. ஜன்னலில் வழியும் ஈரத்துக்குக் கூரைத் துவாரத்தை விரலளவு திறந்துவைத்தால் போதும்.

இழுத்துச் செல்வதில் பெரிய குறை இல்லை, பெட்ரோல் செலவைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்கொக்கியில் விழ வேண்டும், சாமான்களையெல்லாம் பின்னால் அடைத்தால் வால் ஆட ஆரம்பித்துவிடும். அந்த ஆட்டத்தைத் தடுக்கும் கம்பிக்குத் தனி வாடகை கேட்டது அநியாயம், சீட் பெல்ட்டுக்குத் தனியாகக் காசு கேட்கிற மாதிரி இருக்கிறது.

இன்னொன்று. போகும்போது ஆன்டிஃப்ரீஸை அலசி வெளியேற்றினோம் சரி, திரும்பும்போது மறுபடி அதே பனிக்குள்தானே வர வேண்டும்? அதற்கு முன் தொட்டிகளைக் காலி செய்து, வாட்டர் ஹீட்டரை வடித்து, அதற்குள் திரவம் போகாமல் தடுக்கும் பைபாஸ் வால்வைத் திருப்பி, குழாய்களில் மறுபடி ஆன்டிஃப்ரீஸ் ஏற்ற வேண்டும். அந்தச் செலவு வாடகையில் அடக்கமா என்று முன்பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எங்களுக்கு அடக்கமில்லை.